ஒரு இஞ்ச் கூட்டிச் செய்த மேசை

என் ஓரகத்தி தையல் மேசை வாங்கிய அன்று நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை. விரதம் என்று சொல்லிவைத்தேன். செவ்வாய்க்கிழமையாக அமைந்துவிட்டதால் வீட்டில் யாரும் கேள்வி கேட்கவில்லை. தட்டில் போட்டு உட்கார்ந்திருந்தாலும் சோறு இறங்கியிருக்காது.

எங்கள் வீடு நெம்மேலியில், ஈசிஆரிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் தெருவில் இருக்கிறது. கீழே நாங்கள். மாடியில் என் வீட்டுக்காரரின் தம்பியும் அவன் மனைவியும். அவள்தான் என் ஓரகத்தி. நானும் தைக்கிறேன், அவளும் தைக்கிறாள். நான் இருபத்திரண்டு வருஷமாக, அவள் நாலு வருஷமாக. ஒரே வீட்டில் இரண்டு தையல்காரிகள் இருந்தால் என்ன ஆகும் என்று பெண் பார்க்கப் போனபோதே யாராவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அவள் செங்கல்பட்டில் ஆறு மாசம் தையல் கோர்ஸ் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தாள். கல்யாணப் பேச்சிலேயே அதைப் பெருமையாகச் சொன்னார்கள். நான் சான்றிதழே இல்லாமல் இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்தவள். எனக்கு யாரும் கைதட்டவில்லை.

மாடிப்படி வெளியே, என் ஜன்னலை ஒட்டிப் போகிறது. வெளிச்சத்துக்காக நான் ஜன்னல் ஓரத்தில்தான் மெஷின் போட்டிருக்கிறேன். அதனால் மாடிக்கு ஏறும் கால்கள் எல்லாம் என் கண் முன்னால்தான் ஏறும். முகம் தெரியாது, முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். எனக்கு அது போதும். எந்த மெட்டி யாருடையது, எந்தச் செருப்பு யாருடையது என்று எல்லாம் தெரியும். என்னிடம் வருஷக்கணக்காக வந்த கால்கள் ஒவ்வொன்றாக மேலே போவதைப் பார்த்துக்கொண்டே பாபினில் நூல் சுற்றியிருக்கிறேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் என் கழுத்து மக்கர் பண்ண ஆரம்பித்தது. கழுத்தில் பிடித்த வலி தோளுக்கு இறங்கி, அங்கிருந்து கைக்குப் போய், சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். கத்தரிக்கோலை நழுவவிட்டு எழுந்து கையை உதறிக்கொண்டு நிற்பேன். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, மெஷினில் எப்படி உட்காருவீங்க, செஞ்சு காட்டுங்க என்றார். காட்டினேன். இடது தோளைத் தூக்கி, கழுத்தைச் சாய்த்து, முன்னால் குனிந்து. அவர் பார்த்துவிட்டு, மாத்திரை கொஞ்ச நாளைக்குத்தான் கேட்கும், மேசையையும் உட்காரும் உயரத்தையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் தையலை விட்டுவிடுங்கள் என்றார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். விட்டுவிட்டால் என் கஸ்டமர் அத்தனை பேரும் மறுநாளே மாடி ஏறிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

இடது தோளைத் தூக்கியதற்குக் காரணம் என் பழைய மெஷின் பலகைதான். ஊசிக்கு இடது பக்கம் ஒரு சாண் இடம்கூட இல்லை. கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்த துணி வந்தால் அது மணியும் கல்லுமாகக் கனக்கும். பலகையில் இடமில்லாமல் சரிந்து விழும். விழாமல் தோளாலும் முழங்கையாலும் பிடித்துக்கொண்டே தைப்பேன். எங்கள் பக்கத்தில் திருவிடந்தை கோயிலில் வேண்டிக்கொண்டு கல்யாணம் கூடியவர்கள் நிறைய. முகூர்த்த மாசம் வந்தால் எனக்குக் கனமான துணிதான்.

அவள் மேசையை நான் முதலில் பார்த்தது குட்டியானை வண்டியிலிருந்து இறக்கும்போது. நல்ல நீளம். நடுவில் மெஷின் உள்ளே இறங்கி உட்காரக் குழி. மெஷின் தட்டும் மேசையும் ஒரே மட்டம், துணி வழுக்கிக்கொண்டு போகும். இடது பக்கம் ஒரு ஆள் படுக்கலாம் போல இடம். வலது பக்கம் நூல் கட்டைகளுக்கு மூன்று டிராயர். ஓரமெல்லாம் வளைத்து இழைத்திருந்தது, துணி மாட்டாது. அதாவது, எனக்கு என்ன தேவை என்று டாக்டரிடம் கேட்டு யாரோ செய்த மாதிரி இருந்தது. அதைக் கழுத்தில் ஒரு சுளுக்கும் இல்லாத இருபத்தெட்டு வயதுக்காரி வாங்கியிருந்தாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

என் வீட்டுக்காரர் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எதையும் நேராகப் பார்க்கிற மனுஷன். எங்கே செய்தாள் என்று அவளிடமே கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறாள், அதற்கு ஏன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாய் என்றார். அவளிடம் போய்க் கேட்பதற்கு நான் கையால் தைத்தே காலம் தள்ளுவேன் என்றேன்.

சரி என்று அவர் ஒரு நாள் சவாரியை விட்டுவிட்டு என்னைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனார். மூன்று கடை ஏறினோம். ஒரு கடையில் மடக்கும் மேசை காட்டினார்கள். அடியில் சக்கரம். மெஷினை வைத்து ஓட்டச் சொன்னேன். மேசையே நடக்க ஆரம்பித்தது. இன்னொன்றில் உட்கார்ந்தால் முட்டி டிராயரில் இடித்தது. மூன்றாவது கடையில் பின்பக்கம் மூலையில், மேலே அட்டைப்பெட்டி அடுக்கி, ஒரு மேசை கிடந்தது. தாழ்வாக, அகலமாக, சாம்பல் நிறத்தில். பெட்டியை எடுக்கச் சொல்லி உட்கார்ந்தேன். தோள் தானாக இறங்கியது. முழங்கை பலகையில் போய்ப் படுத்துக்கொண்டது. எவ்வளவு நாளாகத் தோளைத் தூக்கிவைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தே வீட்டுக்காரர் பர்ஸை எடுத்துவிட்டார்.

நான் வேண்டாம் என்றேன். கலர் நல்லா இல்லை என்றேன். உண்மையில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இதைக் கொண்டுபோய் இறக்கினால், மாடியில் இருப்பதற்கு முன்னால் இது சின்னப்பிள்ளை மேசை மாதிரி இருக்கும். அவள் பால்கனியில் நின்று பார்ப்பாள். அதை நினைத்தவுடன் தோள் மறுபடி ஏறிக்கொண்டது. அவர் பர்ஸை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கடைப் படி இறங்கினார்.

ரெண்டு நாள் கழித்து, மெரூன் நூல் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லிக்கொண்டு மாடிக்குப் போனேன். என் டிராயரில் மெரூன் நூல் நாலு கட்டை இருந்தது. அவள், உட்காருங்கக்கா, டீ போடறேன் என்று சமையலறைக்குள் போனாள். இஞ்ச் டேப் எங்களுக்குக் கழுத்திலேயே கிடக்கும். எடுத்தேன். மேசையின் நீளம், அகலம், உயரம், குழியின் ஆழம், டிராயரின் அகலம், ஒன்று விடாமல் அளந்தேன். ஜாக்கெட் அளவு எழுதும் சின்ன நோட்டுதான் கையில் இருந்தது. அதில் உயரம், மார்பு, இடுப்பு, தோள், கழுத்து இறக்கம் என்று வரிசையாகக் கோடு போட்டு வைத்திருப்பேன். மேசையின் நீளத்தை மார்பு என்று இருந்த இடத்தில் எழுதினேன். குழியின் ஆழத்தைக் கழுத்து இறக்கத்தில் எழுதினேன். பிறகு குனிந்து பலகையின் அடியில் பார்த்தேன். கார்பெண்டர் தன் போன் நம்பரைப் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். அதையும் எழுதிக்கொண்டேன். அவள் டீயோடு வந்தபோது நான் நல்ல பிள்ளையாக நாற்காலியில் உட்கார்ந்து நூல் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த அளவுகளைப் பார்த்தேன். அப்படியே செய்தால் அவளைப் பார்த்துச் செய்தது என்று ஆகிவிடும். அதனால் எல்லாவற்றிலும் ஒரு இஞ்ச் கூட்டினேன். நீளத்தில் ஒன்று, அகலத்தில் ஒன்று, டிராயரில் ஒன்று. உயரத்திலும் ஒன்று. நீளத்தில் கூட்டியதற்கு ஏதாவது நியாயம் சொல்லலாம். உயரத்தில் கூட்டியதற்கு என் பொறாமையைத் தவிர ஒரு காரணமும் கிடையாது.

கார்பெண்டரின் பட்டறை செங்கல்பட்டில் ரயில்வே கேட் தாண்டி. அறுபது வயது இருக்கும். நோட்டை வாங்கிப் பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருமா. முட்டியும் கையும் அளந்துக்கறேன். நாங்க மேஜைய பாத்து மேஜ செய்யறதில்ல, ஆள பாத்துதான் செய்வோம். இந்த அளவுக்கு கிட்டவே நெம்மேலிக்கு ஒண்ணு போட்டேன். அந்தப் பொண்ணு நல்ல ஒசரமா கீது."

அந்தப் பொண்ணு. அது போதும் எனக்கு. நான் உட்காரவே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அளவு எடுக்கிறவள் நான், எனக்கே அளவு சொல்லித்தர வேண்டாம், நோட்டில் இருப்பதைச் செய்யுங்கள் என்றேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, எந்த நிறத்தில் மைகா ஒட்டணும் என்று மட்டும் கேட்டார். அவளுடையது வெளிர் மரக்கலர். நான் தேக்குக் கலர் கேட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். உடம்பில் அளவு எடுக்கக் கூச்சப்படுகிற பெண்கள் அளவு ஜாக்கெட் என்று ஒன்று கொண்டுவருவார்கள். அவர்களுக்குப் பொருத்தமாக இருக்கும் பழைய ஜாக்கெட். அதை வைத்துப் புதியதைத் தைப்போம். ஒருமுறை ஒருத்தி தன் தங்கையின் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தாள். தங்கைக்கு அது அவ்வளவு அழகாக இருக்கிறதாம், அதே அளவில் வேண்டுமாம். உனக்கும் அவளுக்கும் ஒரே உடம்பா, அடுத்தவள் அளவில் தைத்துப் போட்டுக்கொண்டால் மூச்சு விட முடியுமா என்று நான் அவளைக் காய்ச்சி எடுத்துவிட்டேன். அன்று அவ்வளவு பேசியவள்தான் நான்.

மேசை வந்தது. அதே குட்டியானையில்தான் வந்தது. தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். தேக்குக் கலர் வெயிலில் மின்னியது. மாடி பால்கனியில் அவள் நின்றிருந்தாள். நான் வேண்டுமென்றே வண்டிக்காரரிடம் சத்தமாக, பாத்து திருப்புங்க, நீளம் ஜாஸ்தி என்றேன். அந்தக் கால் மணி நேரம் நான் அடைந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷம் சந்தோஷம்தான்.

உட்கார்ந்தேன். பலகை என் மார்புக்கு வந்தது. கையைத் தூக்கி மேலே வைத்துத் தைக்க வேண்டியிருந்தது. பந்தியில் பெரியவர்களோடு உட்காரவைத்த குழந்தை மாதிரி இருந்தேன். என் ஓரகத்தி என்னைவிட ஒரு தலை உயரம் என்பது எனக்குத் தெரியாதா? கல்யாண போட்டோவில் அவள் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்று நகர்ந்து போனவளே நான்தான்.

நாற்காலியில் இரண்டு தலையணை போட்டேன். கை எட்டியது, இப்போது கால் தரையில் கிடக்கும் மோட்டார் பெடலுக்கு எட்டவில்லை. பெடலுக்கு அடியில் செங்கல் வைத்தேன். அழுத்தினால் பெடல் செங்கல்லை விட்டு நழுவியது. செங்கல்லுக்கு அடியில் கோணி போட்டேன். இந்தக் கோலத்தில் ஒரு வாரம் தைத்தேன். வீட்டுக்காரர் செங்கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பழைய மேசையில் இரண்டு விரல்தான் மரத்தது. புதியதில் முழங்கைக்குக் கீழே மொத்தமும் மரத்தது. ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில் கழுத்து ஓரத்துக்குப் பைப்பிங் வைக்கும்போது கை என் பேச்சைக் கேட்காமல் கோணலாக ஓடியது. பிரித்தேன். மறுபடி வைத்தேன், மறுபடி கோணல். மூன்றாவது தடவை பிரித்தபோது பட்டே நைந்துவிடும் போல இருந்தது. முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் இருந்தது. தையலை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொன்னது அன்றைக்குத்தான் உறைத்தது. மெஷினில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அவள் எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மேசை பாக்க வந்தேங்கா என்றாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பாரு என்றேன். உட்கார்ந்தாள். தலையணையை எடுத்து ஓரமாக வைத்தாள், செங்கல்லைக் காலால் நகர்த்தினாள். அந்த மேசை அவளுக்கு அப்படிப் பொருந்தியது. ஒரு இஞ்ச் கூட இருந்தும் பொருந்தியது. முதுகு நேராக, கை லேசாக. என் துணியில் என் பைப்பிங்கை ஒரு விரற்கடை நீளத்துக்கு ஓட்டிப் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி போனது. நான் என் ஆசையெல்லாம் போட்டுச் செய்த மேசையிலும் அவள்தான் அழகாக உட்கார்ந்திருந்தாள். அந்த நிமிஷம் அவளை எழுப்பித் தள்ளிவிடலாம் போல எனக்கு இருந்தது.

அவளே எழுந்துவிட்டாள். நீங்க உக்காருங்கக்கா என்றாள். உட்கார்ந்தேன். தள்ளி நின்று பார்த்துவிட்டு, கால அறுத்துடலாம் என்றாள். மேசைக் காலைச் சொன்னாள். அறுத்தால் அவளுடையதைவிடத் தாழ்ந்துவிடும். எனக்கு வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தபோதும் முதலில் தோன்றியது அதுதான். வேண்டாம், பழகிவிடும் என்றேன். பழகாதுக்கா என்று அவள் கார்பெண்டருக்குப் போன் போட்டுவிட்டாள். அவர், தரையிலிருந்து முழங்கைக்கு எவ்வளவு என்று அளந்து சொல்லச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தபடி நானே அளக்கப் பார்த்தேன். டேப்பைத் தரையில் பிடிக்கக் குனிந்தால் முழங்கை இறங்கியது. நிமிர்ந்தால் டேப் தரையை விட்டது. தன் உடம்பைத் தானே அளக்க முடியாது என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியவரவே இல்லை. என் ஜாக்கெட்டை நான் என் பழைய ஜாக்கெட்டை வைத்துத்தான் தைத்துக்கொள்வேன். என்னை யாரும் அளந்ததே இல்லை.

அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். டேப்பின் நுனியை என் காலடியில் வைத்து, இன்னொரு கையால் என் தோளை அழுத்தி இறக்கினாள். தூக்காதீங்கக்கா, விடுங்க என்றாள். விட்டேன். முழங்கையைத் தொட்டு அளவைப் பார்த்தாள். இருபத்தாறரை. மேசை இருந்தது முப்பதரை. நாலு இஞ்ச் அறுக்க வேண்டும்.

"அன்னிக்கு நீங்க மேல வந்து அளந்துகினு இருந்தீங்களே, அப்பவே சொல்லிருக்கணும்க்கா நானு. இது உங்களுக்கு ஒசரம்னு."

நீ பார்த்தியா என்று கேட்டேன். பார்த்தேன் என்றாள். சமையலறைக் கதவு இடுக்கில் தெரிந்ததாம். பலகைக்கு அடியில் குனிந்து நம்பர் எழுதியது வரைக்கும் தெரிந்ததாம். பிறகு ஏன் வரவில்லை என்றேன்.

"வந்தா உங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடும்ல. டீ எப்பவோ கொதிச்சுட்ச்சு. நீங்க உக்காந்தப்புறம் வரலாம்னு நின்னுகினு இருந்தேன்."

இதைச் சொல்லிவிட்டு, டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கார்பெண்டர் வந்து மேசையைக் கவிழ்த்துப் போட்டு நாலு காலையும் அறுத்தார். நிமிர்த்தி வைத்து என்னை உட்காரச் சொன்னார். தோள் இறங்கியது. முழங்கை பலகையில் படுத்தது. கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டை இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தேன், பைப்பிங் ஓர் இடத்தில்கூடக் கோணவில்லை. இப்போது விரல் மரப்பதில்லை. மேசையைப் பற்றிச் சொல்ல ஒரு குறையும் இல்லை.

ஆனால் நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். டீ கொதிக்கிற வரைக்கும்கூடப் பொறுத்திருக்க மாட்டேன். டேப்பும் கையுமாக அவள் குனிந்திருக்கும்போதே பின்னால் போய் நின்று, என்னம்மா அளக்கிறே என்று கேட்டிருப்பேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லியும் முடித்திருப்பேன். இவள் கதவுக்குப் பின்னால் டீயை வைத்துக்கொண்டு, நான் அளந்து முடிக்கிற வரைக்கும் நின்றிருக்கிறாள். மேசைக்கு ஆசைப்பட்டேன், ஆள் வைத்துச் செய்துகொண்டேன். இந்தக் குணத்துக்கு எங்கே போவது? இப்போதும் அவள் அக்கா என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.